ஒரு மெசினுக்கு ஒரு நம்பர்

திலகாவின் இடது தோள் காலை எட்டு மணிக்கே எரிய ஆரம்பித்துவிட்டது. கொழுந்து வெட்டும் மெசினில் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் கனம். அந்தப் பக்கத்தை நாலு வருசமாக ஒருத்தியே பிடித்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நரம்பு ஈரக் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரை காய்ச்சலுக்கும் அதே, பல்வலிக்கும் அதே, தோளுக்கும் அதே. அவள் அதை விழுங்குவதை விட்டுவிட்டு, கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மலை ஏறுவாள். அதனால் வலி போகாது. வாசனை மட்டும் மத்தியானம் வரைக்கும் கூட வரும்.

மெசினின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் புவனேஸ், திலகாவின் நாத்தனார். தேயிலை நிறையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தியாக நடக்க, நடுவில் பிளேடு செடிகளின் தலையைச் சீவிக்கொண்டு போகும். வெட்டிய கொழுந்து பின்னால் ஊதிப் பெருத்திருக்கும் நீளப் பைக்குள் விழும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், நிறைந்ததும் சாக்கில் கொட்டி முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோவதும் இருளப்பனின் வேலை. ஐம்பத்தொன்பது வயது. ஆகஸ்டில் அறுபது முடிந்ததும் வேலையிலிருந்து நிற்கப் போகிறவர்.

"அண்ணி, தூக்கிப் புடி. குச்சி வருது."

"தூக்குறேன்லா. எனக்குக் கண்ணு தெரியுது."

"கண்ணு தெரியுது. மனசுதான் ரிங்லெட்ல நிக்குது."

புவனேஸ் சொன்னதில் பொய் இல்லை. ரிங்லெட்டில் இரண்டு ரூம், ஒரு அடுப்படி, பின்னால் சாக்கடை என்று ஒரு வரிசை வீட்டுக்குத் திலகா முன்பணம் கட்டியிருந்தாள். பேங்க் கடன் தருவதாகச் சொல்லிவிட்டது. இரண்டு தாள் மட்டும் பாக்கி. போன வருசச் சம்பளத்துக்குக் கம்பெனி தருகிற ஈ.ஏ. பாரம் ஒன்று, அதை வைத்து வருமான வரி கணக்குக் காட்டிய ரசீது ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும், பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்று ஏஜெண்டு இரண்டு தடவை போன் போட்டுச் சொல்லிவிட்டான். இன்றைக்குப் புதன்.

எஸ்டேட் கொடுக்கிற லயத்து வீடு, வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. குடும்பத்தில் கடைசி ஆள் வேலையை விட்டதும் ஆபிஸில் சாவியைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். திலகாவின் அப்பா அப்படித்தான் ஒரு அலமாரியையும் ஒரு டிவியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். தனக்கு அது நடக்காது என்று திலகா தீர்மானம் பண்ணியிருந்தாள். புருசன் ஜெகதீஸ்வரன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான். நல்ல சம்பாத்தியம்தான், ஆனால் தோட்டக்காரச் சீனன் எண்ணிக் கையில் கொடுக்கிற காசு. அந்தச் சம்பாத்தியத்துக்கு அவன் சட்டைப்பையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சட்டைப்பையை நம்பி எந்த பேங்க் கடன் கொடுக்கும்? அதனால் கடன் திலகாவின் பேரில், திலகாவின் சம்பளத்தில் நின்றது.

பாரம் தொலைந்த கதை பெரிய கதை இல்லை. பிப்ரவரியில் ஒரு மழை நாளில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்து, வேலை வாங்குகிற மண்டோர் ஆளாளுக்கு ஒன்று நீட்டினார். அவள் அதை நாலாக மடித்து, இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவின் பைக்குள் செருகினாள். மருந்தடித்த காட்டிலிருந்து இறங்கினால் படுதாவைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவாமல் யாரும் லயத்துக்குள் வருவதில்லை. அவளும் கழுவினாள். மறுநாள் பைக்குள் கையை விட்டபோது ஊறின பிஸ்கட் மாதிரி ஏதோ விரலில் ஒட்டியது. வழித்து எறிந்துவிட்டாள்.

ஆபிஸில் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. கம்பெனி கை மாறிவிட்டது, பழைய கணக்கெல்லாம் கோலாலம்பூரில், கேஎல்லில் இருக்கிறது, கடிதம் எழுதினால் மூன்று வாரம் ஆகும் என்று இரண்டு தடவையும் ஒரே பதில்.

"இன்னிக்கு நிறுவையில நான் கையெழுத்துப் போடப் போறதில்ல," என்றாள் திலகா, நிறையின் முடிவில் எஞ்சினை அணைத்துவிட்டு.

புவனேஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "என்னா?"

"பாரம் கையில வந்தாத்தான் கையெழுத்து. இப்ப ஆபிசுக்குப் போறேன்."

அந்த எஸ்டேட்டில் ஒரு மெசினுக்கு ஒரு நம்பர். அடிப்படைச் சம்பளம் அவரவர் பேரில் அவரவர் பேங்குக்குப் போய்விடும். அன்றைய அளவுக்கு மேல் வெட்டுகிற கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. அந்த மேல்கிலோ காசு முழுவதும் மெசின் எந்த நம்பரில் பதிந்திருக்கிறதோ அந்த ஆளின் கணக்கில் விழும். மூன்று பேரும் பிறகு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மெசின் வந்த புதிதில் மண்டோர் யார் நம்பரில் போடுவது என்று கேட்டபோது, "தங்கச்சி பேர்லயே போடுங்க, அதுதான் சில்லறைக் காசு வரைக்கும் கணக்கு வச்சிருக்கும்," என்று சொன்னவர் இருளப்பன். புவனேஸும் தலையாட்டினாள். மோட்டார் சைக்கிள் கடனில் இரண்டு தவணை பாக்கி வைத்திருந்தாள், இந்தக் காசும் தன் கணக்கில் விழுந்தால் பேங்க் விழுங்கிவிடும் என்ற பயம். அப்படித்தான் நூற்றுப் பதினேழு, திலகாவின் நம்பர், மெசினின் நம்பராயிற்று.

மாதாமாதம் சம்பளம் போட்ட அன்று பிரிஞ்சாங் ஏடிஎம்மில் காசை எடுத்து, சலீம் பாய் கடையில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று பங்கு போடுவாள். மிச்சம் விழுகிற காசுக்கு டீ. நாலு வருசத்தில் ஒரு மாதம்கூட ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. மற்ற மெசின்களில் பங்குச் சண்டையில் பல்லே உடைந்திருக்கிறது. அது திலகாவுக்குக் கொஞ்சம் கர்வம்.

எடையில் தகராறு வந்த பிறகு எஸ்டேட் துரை இன்னொரு சட்டம் போட்டிருந்தார். நம்பருக்குரிய ஆள் எடைச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் அந்த மெசினின் சாக்கு லோரியில் ஏறக் கூடாது.

"அண்ணி, சாக்குல கெடந்தா கொழுந்து சூடேறிடும். செவந்து போச்சுன்னா பேக்டரில எடுக்க மாட்டான். மூணு பேர் காசும் போச்சு."

"தெரியும்லா. அதுனாலதான் ஒங்ககிட்ட கேக்குறேன். வேணாம்னா சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டு வேற வழி பாக்குறேன்."

இருளப்பன் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே பேசினார். "வெயில் இல்ல இன்னிக்கு. நெழல்ல பிரிச்சு வச்சா ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள வாங்கிட்டு வந்துரு."

"ஒரு மணி நேரத்துல வரலன்னா?"

"வரலன்னா நாம மூணு பேரும் இன்னிக்கு மலையில சும்மா வாக்கிங் போனோம்னு நெனச்சுக்குவோம். போ."

"போய்ட்டு பல்லக் காட்டாத அண்ணி," என்றாள் புவனேஸ். "அந்தக் கிராணிப் பய சிரிச்சே அனுப்பிருவான்."

ஆபிஸில் கணக்கு எழுதுகிற கிராணி மகேன் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம். மத்தியானத்திலும் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டான். கெட்டவன் இல்லை. மேலிடத்துக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு மலை இறங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவன்.

"அக்கா, நான்தான் சொன்னேன்லா. பழைய சிஸ்டத்த மூடிட்டாங்க. கேஎல்ல அந்த டிபார்ட்மெண்ட்டுக்குக் கடிதம் போட்டு—"

"மூணு வாரம்."

"ஆமா."

"சரி தம்பி. உக்காந்துக்கிறேன்."

பூட்ஸை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

மகேன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மூணு வாரத்துக்கா உக்காரப் போறீங்க?"

"பாப்போம். நீ ஒன் வேலையப் பாரு."

"கொழுந்து நிறுவை நேரம்லா இது."

"ஆமாலா. நிறுவை நேரம்தான்."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினான். "அக்கா, இதெல்லாம் சரியில்ல. எனக்குத்தான் கெட்ட பேரு வரும்."

"எனக்கு வீடு போயிரும். கெட்ட பேரு சாப்பாட்டுக்கு ஒண்ணும் பண்ணாது தம்பி. வீடு இல்லன்னா எங்க படுக்கிறது?"

முதலில் மண்டோர் போன் பண்ணினார். மகேன், வந்துருவாங்க வந்துருவாங்க என்றான். பிறகு லோரி டிரைவர் நேரே வந்து வாசலில் நின்று ஒரு தரம் திட்டினான். திலகா அவனுக்கு வணக்கம் சொன்னாள். மூன்றாவதாக ஆபிஸ் போன் அடித்தது. மகேன் எழுந்து நின்று பேசியதிலிருந்தே மறுபக்கம் துரை என்று தெரிந்தது. கிட்டத்தட்ட நானூறு கிலோ ரோட்டில் கிடக்கிறது, என்ன நடக்கிறது அங்கே என்று துரை கேட்கிற சத்தம் பெஞ்சுவரைக்கும் வந்தது. மகேன் ஏதோ சொன்னான். துரை ஒரே வாக்கியம்தான் பதில் சொல்லியிருப்பார். போனை வைத்த கையோடு மகேன் இன்னொரு நம்பரை அமுக்கினான், கேஎல்லில் யாரிடமோ மலாயும் இங்கிலீசும் கலந்து, துரையின் பேரை நடுநடுவே வைத்துப் பேசினான். பத்து நிமிடம் போயிருக்கும். கம்ப்யூட்டர் டிங்கென்றது.

"வந்துருச்சு," என்றான், தானே நம்பாத குரலில்.

"மூணு வாரம்னு சொன்னியே தம்பி?"

"துரை கேட்டா மூணு நிமிசம் அக்கா. நான் கேட்டா மூணு வாரம். நான் என்னா பண்றது?"

திலகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிரிண்டர் முனகிக்கொண்டு தாளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது இருளப்பன் எடைச் சீட்டோடு உள்ளே வந்தார். முதுகில் சாக்கின் ஈரம் சட்டையோடு ஒட்டியிருந்தது. திலகா சீட்டைப் பிடுங்கி, எடையைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியே டிரைவரிடம் நீட்டினாள். லோரி சாக்குகளை ஏற்ற உறுமிக்கொண்டு புறப்பட்டது.

"செவக்கலயே அண்ணே?"

"அடிச் சாக்குல ஒரு கை அளவு. மத்தது பச்சையாத்தான் இருக்கு. கெடச்சுருச்சா?"

"கெடச்சுருச்சு."

மகேன் தாளை எடுத்து முத்திரை குத்துவதற்கு முன் ஒரு தடவை வாசித்துக் காட்டினான். பேர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் சரி. "மொத்தச் சம்பளம் அம்பத்தாறாயிரத்து எரநூறு. இபிஎஃப் புடிச்சது ஆறாயிரத்து நூத்தி எம்பத்திரெண்டு. சரிதான அக்கா?"

"சரியாத்தான் இருக்கும். குத்து."

மகேன் முத்திரையைக் குத்தினான். வயதான காலத்துக்கென்று பிடிக்கிற அந்தச் சேமிப்புத் தொகையைக் கேட்டதும், வாசலுக்குப் போன இருளப்பன் திரும்பினார். "இபிஎஃப் எவ்ளோன்னு சொன்ன?"

மகேன் மறுபடி சொன்னான்.

"என்னுது பாரு."

கேஎல்லிலிருந்து வந்த பைலில் அவருடைய நம்பரைத் தட்டினான். "ரெண்டாயிரத்து எரநூத்தி இருவத்திரெண்டு."

இருளப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் கணக்குப் போடும்போது செய்கிற காரியம் அது. "மேல்கிலோவுக்கும் இபிஎஃப் புடிக்கிறாங்களா?"

"ஆமாண்ணே. சம்பளம்னா எல்லாத்துக்கும்தான்."

"எங்க மேல்கிலோ மூணு பேர் வெட்டினது. புடிச்சது யார் பேர்ல போகுது?"

"நம்பர் யார் பேர்ல இருக்கோ, அவங்க பேர்ல."

"கம்பெனி தன் பங்குக்குப் போடுமே, பதிமூணு பர்செண்ட்டு. அது?"

மகேன் திலகாவைப் பார்க்காமல் சொன்னான். "அதுவும்தான்."

பிரிண்டர் தானாகவே ஒரு தடவை முனகி நின்றது. திலகாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு டீக்காசுகூட யாருடையதையும் எடுத்ததில்லை என்று நாலு வருசமாக மேசையில் காசை அடுக்கியவள் அவள். மூன்று பேரும் கையில் வந்த காசைத்தான் காசு என்று நினைத்தார்கள். கைக்கு வராமலே போனதை ஒருத்தரும் பங்கு போடவில்லை.

அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. ரிங்லெட் வீட்டுக்கு முன்பணம் போக மீதி பதினெட்டாயிரத்தை அவள் எடுக்கப்போவது அந்த இபிஎஃப்பிலிருந்துதான். வீடு வாங்க எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு அதில் தனியாக இருக்கிறது. அந்தக் கணக்கு இவ்வளவு கொழுத்திருக்கிறதே என்று போன மாதம்தான் ஜெகதீஸ்வரனிடம் பெருமையடித்தாள்.

"திருத்தலாம்," என்றான் மகேன். "மேல்கிலோவ மூணாப் பிரிச்சு மூணு பேருக்கும் புதுப் பாரம் கேக்கலாம். ஆனா அது நெசமாவே கேஎல் வேல. ஒரு மாசமாவது ஆகும். திருத்தினா ஒங்க சம்பளம் முப்பத்திரெண்டாயிரம்னு வரும்."

முப்பத்திரெண்டாயிரத்துக்கு பேங்க் அந்த வீட்டுக்குக் கடன் தராது. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

"கொஞ்சம் இரு தம்பி," என்று சொல்லிவிட்டுத் திலகா தாளோடு வெளியே வந்தாள். இருளப்பனும் பின்னால் வந்தார். இரண்டு பேரும் ஆபிஸ் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார்கள். அவர் ஒரு காலை மாட்டிவிட்டு நிறுத்தினார்.

"ஒன் நம்பர்ல போடச் சொன்னது நான்தான். என் வாய்."

"ஆமாண்ணே."

"அதுக்காக அந்தக் காசு என்னுது இல்லன்னு ஆயிருமா?"

"ஆகாது."

"நீ திருடலன்னு எனக்குத் தெரியும். அத விடு. ஆகஸ்ட்ல நான் லயத்த விட்டுப் போகணும். ஈப்போல மக வீட்டு ஹால்ல பாயப் போட்டுப் படுக்கணும். மருமகன் நல்லவன்தான். ஆனா கையில ஒண்ணுமில்லாத மாமனாருக்கு ரெண்டாவது மாசம் என்னா மரியாதைன்னு நான் சொல்லணுமா? இபிஎஃப்ல எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டுத்தான் எத்தன மாசம் தாக்குப்பிடிக்கலாம்னு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இவ்ளோ வெட்டியிருக்கோம், இவ்ளோதானான்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்குறது? எனக்கே தெரியல."

திலகா பாரத்தைப் பார்த்தாள். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவளுக்குத் தலை தெளிவாகத்தான் வேலை செய்யும்.

"அண்ணே, நேராச் சொல்றேன். இந்தப் பாரத்த வச்சு நான் வரி கட்டுவேன். வீட்ட வாங்குவேன். விட மாட்டேன். இதுல போட்டிருக்கிற காசு கம்பெனி என் கணக்குல போட்டதுதான், அதுக்கு வரியும் நான்தான் கட்டணும், அதுல பொய் இல்ல. ஒங்க காசு ஒங்களுக்கு வரும். ரெண்டையும் சொல்றேன்."

"எப்ப வரும்?"

"ஆகஸ்ட்டுக்குள்ள முழுசா முடியாது."

"அது தெரியுது. எப்ப?"

"என் பங்குல மாசம் நாநூறு வெள்ளி. மொதல்ல நீங்க. ஆகஸ்ட்ல நீங்க போகும்போது ரெண்டாயிரமாவது கையில இருக்கும். சசிரேகா படிப்பு முடிஞ்சதும் கூட்டித் தரேன்." சசிரேகா அவள் மகள். கம்பாரில் டிப்ளமா படிக்கிறாள், இன்னும் ஒரு வருசம் இருக்கிறது.

"நாநூறு குடுத்தா நீ எப்படி வீட்டுக் கடன் கட்டுவ?"

"இவரு லோரிக்காசு இருக்கு. சாட்சி இல்லாத காசு. பேங்க்குதான் நம்பாது, அரிசிக்கடைக்காரன் நம்புவான்லா."

இருளப்பன் மூக்கால் சிரித்தார். இரண்டாவது பூட்ஸை மாட்டிக்கொண்டார். "வட்டி வேணாம். கூட நின்னு வெட்டினவகிட்ட வட்டி கேக்க மாட்டேன். முதல் வேணும். ஒரு வெள்ளி கொறையாம வேணும்."

"ஒரு வெள்ளி கொறையாது."

அவள் மறுபடி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இந்த மாதத்திலிருந்து நூற்றுப் பதினேழாம் நம்பரின் மேல்கிலோவை மூன்று பேர் பேரிலும் சமமாகப் பிரித்துப் போட வேண்டும் என்றாள். மகேன், மண்டோர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தான். அவள் பெஞ்சைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டான்.

மத்தியானம் மூன்று பேரும் வேனைப் பிடித்து பிரிஞ்சாங் போனார்கள். சலீம் பாய் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் அவர் மகள் ஃபாத்தின் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். ஏப்ரல் மாதம் பிறந்தால் அந்த மேசையில் சாப்பிட இடம் கிடைக்காது. எஸ்டேட்டிலும் கியா பார்ம் கடைகளிலும் வரி கணக்குக் காட்ட வேண்டிய பாதிப் பேர் அங்கேதான் முப்பது வெள்ளி கொடுத்துக் காட்டுவார்கள். ரொட்டி சானாய் அந்த முப்பதில் சேராது.

புவனேஸுக்கு விசயத்தை வேனிலேயே சொல்லியாகிவிட்டது. அவள் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் வருவது நடக்கிற காரியமில்லை. கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"நாலு வருசம் அண்ணி. நாலு வருசம் நீ காசு எண்ணும்போது நான் ஒன் மூஞ்சப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எவ்ளோ நேர்மைன்னு."

"நானும் அதேதான் நெனச்சேன்."

"அண்ணங்காரனுக்குத் தெரியுமா?"

"ஒன் அண்ணனுக்கு இபிஎஃப்னா என்னான்னே தெரியாது. ராத்திரி சொல்லுவேன்."

"சொல்லு. அப்பத்தான் ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்காம இருப்பான்." தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "அப்ப ரிங்லெட் வீட்டுல அடுப்படி என்னுது. ஹால் இருளப்பன் அண்ணனுது. நீ வாசல்ல படுத்துக்க."

"மழ வந்தா?"

"படுதாவப் போத்திக்க. கழுவிட்டுப் போத்திக்க."

இருளப்பன் டீயில் புரையேறி இருமினார். ஃபாத்தினுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. பாரத்தை வாங்கி, கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சசிரேகா படிப்புக்கு எட்டாயிரம் கழித்தாள். மாதாமாதம் பிடித்த வரியில் எண்ணூற்று எழுபது வெள்ளி திரும்பி வரும் என்று சொன்னாள்.

"அதுவும் மேல்கிலோ காசுல புடிச்சதுதான," என்றார் இருளப்பன் உடனே.

"மூணாப் பிரிப்போம்ணே. வந்த அன்னிக்கே."

அடுத்த கணக்கு வரி கணக்கு இல்லை என்றாலும் ஃபாத்தின் அதையும் போட்டுத் தந்தாள். நாலு வருசத்து மேல்கிலோவில் ஒரு ஆளின் பங்கு நாற்பத்தையாயிரம். அதில் பிடித்த பதினொன்றும் கம்பெனி போட்ட பதிமூன்றும் சேர்த்து நூற்றுக்கு இருபத்துநாலு. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள். மூன்று பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இருளப்பன் எண்ணை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். புவனேஸ் வாசிக்கவில்லை.

"எனக்கு அவசரம் இல்ல," என்றாள். "அவருக்கு மொதல்ல குடு. ஆனா மறந்துறாத. நான் மறக்க மாட்டேன்."

"நீ மறக்க மாட்டன்னு தெரியும்லா. மறக்கிற ஆளா நீ?"

"அக்கா, அனுப்பட்டுமா?" என்று கேட்டாள் ஃபாத்தின்.

"அனுப்பு."

திலகா தன் அடையாள எண்ணைச் சொன்னாள், ரகசிய எண்ணைத் தானே தட்டினாள். கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ரசீது வந்தது. கடையிலிருந்தபடியே அதையும் பாரத்தையும் படமெடுத்து பேங்க் ஆளுக்கும் ஏஜெண்டுக்கும் அனுப்பினாள். ஏஜெண்டு ஒரு கட்டைவிரலை அனுப்பினான். பேங்க் ஆள், சரி, வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வாங்க என்று எழுதினான். வீடு கிடைத்துவிட்டது.

ஃபாத்தினுக்கு முப்பது வெள்ளி கொடுத்தாள். டீக்கும் ரொட்டிக்கும் தானே கொடுத்தாள். அந்த மேசையில் இருந்த வேறு யாருக்கும் கொடுக்க அன்றைக்கு அவள் கையில் காசில்லை. இருளப்பனுக்குத் தர வேண்டியது பத்தாயிரத்து எண்ணூறு வெள்ளி. புவனேஸுக்கும் பத்தாயிரத்து எண்ணூறு.